பிழைச் செய்தி யாருக்கு

மார்ச் 3

முன்னாள் கணினிப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

கதிர்வீச்சுத் திட்டப் பிரிவிலிருந்து எழுதுகிறேன். ஜனவரியில் நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனபோது இங்கே விட்டுச் சென்ற கணக்கீட்டு இயந்திரம், போன வாரம் மட்டும் நான்கு தடவை நடுவேலையில் நின்றுவிட்டது. மெதுவானது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். திரை உறைந்தது, இணைப்பு அறுந்தது, இரண்டு மணி நேரக் கணக்கு காற்றோடு போனது. பிழை என்று ஒரு வரிகூடக் காட்டவில்லை.

நோயாளியின் உடம்பில் எந்த இடத்துக்கு எவ்வளவு கதிர்வீச்சு, எந்தக் கோணத்திலிருந்து என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கணக்கு வராமல் யாரையும் மேசையில் படுக்க வைக்க முடியாது. வெள்ளிக்கிழமை என் அறை வாசலில் எட்டு நாற்காலிக்குப் பதினோரு பேர். காலை ஏழு மணிக்கே வந்த ஒருவர் மாலை நான்கு மணிக்கு, "நாளைக்கு வரட்டுமாம்மா?" என்று என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டு போனார். தப்பு எங்கள் மேல், அனுமதி கேட்பது அவர்.

உங்களுக்குப் பதிலாக வந்திருப்பவருக்கு நாங்கள் டிக்கெட் என்று பெயர் வைத்திருக்கிறோம். எதைக் கேட்டாலும் "டிக்கெட் போடுங்க மேடம்" என்பார், அதாவது கணினியில் புகாராகப் பதிய வேண்டுமாம். நீங்கள் அவருக்கு எழுதி வைத்துவிட்டுப் போனது ஒரே ஒரு பக்கம். அதிலும் பாதி, சர்வர் அறை ஏசியின் ரிமோட் எங்கே இருக்கிறது என்பது.

இயந்திரம் ஏன் நிற்கிறது, அதை நிற்காமல் செய்ய என்ன வழி என்று எழுதவும். போனில் வேண்டாம். போன தடவை நாம் பேசியதைக் கேட்டுவிட்டு உங்கள் அண்ணன், "ரெண்டு பேரும் எழுதித் தொலைங்க, எனக்குக் காதாவது மிஞ்சும்" என்று சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
கதிர்வீச்சுத் திட்டப் பிரிவு


மார்ச் 4

அண்ணிக்கு,

நீங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. அன்றிலிருந்து வாடா போடாதான். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். கோபம் எவ்வளவு என்பது அதிலேயே தெரிகிறது. சரி, வேலையைப் பேசுவோம்.

இயந்திரம் நிற்பது பழுதினால் இல்லை. நான்தான் அதை நிற்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் மேசையில் தெரிவது தனி இயந்திரம் கிடையாது. கீழ்த்தளத்தில் இருக்கிற ஒரு பெரிய சர்வருக்குள் உங்களுக்காகப் பிரித்துக் கொடுத்த ஒரு பங்கு. மருந்துக் கிடங்கு, வரவேற்பு, நீங்கள், எல்லோரும் அதே சர்வரில்தான் குடித்தனம் இருக்கிறீர்கள். உங்கள் கணக்குக்கு வேகம் வேண்டும் என்பதால் கணக்கீட்டு கார்டை மட்டும் நடுவில் யாரும் இல்லாமல் நேரே உங்கள் பங்குக்குக் கொடுத்தேன். அதில்தான் சிக்கல். கார்டில் ஏதாவது கோளாறு என்றால் அந்தச் செய்தி வீட்டுக்காரருக்குத்தான் போகும், அதாவது சர்வருக்கு. ஆனால் கார்டை ஓட்டுகிற மென்பொருள் குடித்தனக்காரரான உங்களிடம் இருக்கிறது. செய்தி கிடைப்பவருக்குச் சரிசெய்யத் தெரியாது. சரிசெய்யத் தெரிந்தவருக்குச் செய்தி போகாது. கார்டு பாதி எழுதிய எண்கள் நல்லதா கெட்டதா என்று வீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது. அதனால், பெரிய கோளாறு என்று செய்தி வந்தால் உங்கள் பங்கை அப்படியே நிறுத்திவிடு என்று வைத்தேன். தப்பான கணக்கைவிட நின்றுபோன கணக்கு மேல் என்பது என் எண்ணம்.

இது முரட்டு வைத்தியம், ஒத்துக்கொள்கிறேன். இதைவிட நல்ல வழியை உண்டாக்குவதுதான் இப்போது இந்தப் புது நிறுவனத்தில் எனக்கு வேலை.

ஒரு வாரத்தில் நான்கு தடவை நின்றது என்றால் கார்டோ, அது செருகியிருக்கிற இடமோ மோசமாகிக்கொண்டிருக்கிறது. சர்வரின் பதிவேட்டை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். கார்டைக் கழற்றி மறுபடி செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நிறுத்தும் ஏற்பாட்டில் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம். அந்த ஒற்றைப் பக்கத்தில் கடைசி வரி அதுதான், ஏசி ரிமோட்டுக்குக் கீழே.

அண்ணன் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா?

தம்பி


மார்ச் 10

தம்பி அவர்களுக்கு,

உங்கள் விளக்கத்தை நிர்வாகியிடம் காட்டினேன். இரண்டு பத்தி படித்துவிட்டு, "குடித்தனம் கதையெல்லாம் எதுக்கு, நிக்கக்கூடாதுன்னா நிக்கக்கூடாது" என்றார். டிக்கெட்டைக் கூப்பிட்டு, இனி ஒரு தடவை நின்றால் அவருடைய வேலைக்குத் தான் பொறுப்பில்லை என்றார்.

டிக்கெட் ஒரு மதியம் முழுக்கக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்தார். மேலே வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. எங்கோ இணையத்தில் இதே பிரச்சினையை யாரோ கேட்டிருக்கிறார்களாம், ஒரே வரிதானாம், மாற்றிவிட்டாராம். அது ஆறாம் தேதி. இன்றோடு ஐந்தாம் நாள். ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஏழு பேருக்குத் திட்டம் போட்டு முடித்துவிட்டேன். வாசலில் நாற்காலி காலியாக இருக்கிறது. இரண்டு மாதத்துக்குப் பிறகு மதியச் சாப்பாட்டை மதியத்திலேயே சாப்பிட்டேன்.

ஆக, பிரச்சினை நீங்கள் போட்ட ஏற்பாடுதான். முரட்டு வைத்தியம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பதிவேடு அனுப்ப வேண்டிய அவசியம் இனி இல்லை. உங்கள் அண்ணன் மாத்திரை போடுகிறார். நான் கையில் கொடுத்து எதிரே நின்றால் போடுகிறார்.

அண்ணி


மார்ச் 10

அண்ணி,

உங்கள் மெயிலைப் பார்த்த பத்தாவது நிமிஷம் எழுதுகிறேன்.

டிக்கெட் மாற்றிய அந்த ஒரு வரி என்ன? எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். நான் நினைப்பதுதான் என்றால், அவர் கோளாறைச் சரிசெய்யவில்லை. கோளாறு என்று யாரும் வாய் திறக்கக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார். கார்டு அதே கார்டு, செருகிய இடமும் அதே இடம். முன்பு தவறு நடந்தால் எல்லாம் நின்றது. இப்போது தவறு நடந்தாலும் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும், திரை பச்சையாக இருக்கும், நீங்கள் அச்செடுத்துக் கையெழுத்துப் போடுவீர்கள்.

நாற்காலி காலியாக இருப்பதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் தயவு செய்து, ஆறாம் தேதிக்குப் பிறகு போட்ட திட்டங்களை மறுபடி ஒரு தடவை ஓட்டி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்ணுக்கு எண் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உடனே நிறுத்துங்கள்.

பழைய பக்கத்தின் கடைசி வரியை யாராவது ஒருவராவது படித்தீர்களா?

தம்பி


மார்ச் 13

தம்பி அவர்களுக்கு,

என் வேலையை எனக்குச் சொல்லித்தருவதற்கு நன்றி. பத்தொன்பது வருஷமாகச் செய்கிறேன், யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

ஒவ்வொரு திட்டத்துக்கும் நடுப்புள்ளியில் தனியாகக் கையால் கணக்குப் போட்டு ஒத்துப் பார்க்கிறேன். எல்லாம் ஒத்துப்போகிறது. இதற்கு மேல் எல்லாவற்றையும் இரண்டு தடவை ஓட்டினால், வாசலில் மறுபடி பதினோரு பேர் நிற்பார்கள். வந்து பதில் சொல்லப் போவது நீங்களா?

கடைசி வரியைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்கும் ஒன்று கேட்க வேண்டும். உங்களை இந்த மருத்துவமனையில் சேர்த்துவிட்டது நான். 'எனக்குத் தெரிந்த பையன், பொறுப்பானவன்' என்று நிர்வாகியிடம் என் வாயால் சொன்னேன். நீங்கள் வேலையை விட்டுவிட்டீர்கள் என்று எனக்கு யார் சொன்னது தெரியுமா? வாசல் காவலாளி. "மேடம், உங்க கொழுந்தன் நேத்து சாவியைக் கொடுத்துட்டுப் போயிட்டாரே" என்றார். அந்த ஆளுக்கு முன்னால் எனக்குத் தெரிந்த மாதிரி தலையாட்ட வேண்டியிருந்தது. வீட்டில் எங்களோடு ஒரே மேசையில் முந்தின நாள் சாப்பிட்டீர்கள். உப்பு கம்மி என்று மட்டும் சொன்னீர்கள்.

பொறுப்பைப் பற்றி எனக்கு எழுதும் முன் அதை யோசித்துப் பாருங்கள்.

அண்ணி


மார்ச் 14

அண்ணிக்கு,

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

போன நவம்பரிலேயே அந்தக் கார்டு சின்னச் சின்னப் பிழைகளைக் காட்ட ஆரம்பித்துவிட்டது. தானாகவே சரியாகிவிடுகிற பிழைகள். ஆனால் நாளுக்கு மூன்று என்று இருந்தது முப்பதாகி, இருநூறாகியது. கார்டு அல்லது அதைத் தாங்கும் செருகு பலகை இரண்டில் ஒன்றை மாற்ற வேண்டும், பெரிய பிழை வருவதற்குள் செய்துவிட வேண்டும் என்று நிர்வாகிக்குக் குறிப்பு எழுதினேன். இரண்டு வாரத்தில் அந்தக் குறிப்பு திரும்பி வந்தது. அடியில், 'திட்டப் பிரிவுக்குப் புகார் எதுவும் இல்லை, மாற்றத் தேவையில்லை' என்று தட்டச்சு. அதற்குக் கீழே உங்கள் கையெழுத்து.

உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியும். என் பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையில் நான்கு வருஷம் அதுதான் இருந்தது.

அன்று மாலை வீட்டுக்கு வந்து உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நீங்கள் நிர்வாகி பக்கம் சேர்ந்துகொண்டு என்னைச் சின்னப் பையனாக்கிவிட்டீர்கள் என்று நினைத்தேன். மாற்றத்தான் போவதில்லை, நிற்கவாவது வைப்போம் என்று அந்த ஏற்பாட்டைப் போட்டேன். வேறு வேலை தேடினேன், கிடைத்தது, போய்விட்டேன். உப்பு கம்மி என்று சொன்னது உண்மைதான். வேறு எதையும் சொல்லும் நிலையில் நான் இல்லை.

இதெல்லாம் எனக்கும் உங்களுக்கும் உள்ளது. திட்டங்களை மறுபடி ஓட்டச் சொன்னது நோயாளிகளுக்காக. நடுப்புள்ளி ஒத்துப்போகும். தவறு ஓரத்தில் இருந்தால்? ஒன்றே ஒன்றையாவது ஓட்டிப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஊரறிய என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

தம்பி


மார்ச் 20

தம்பி,

நேற்று காலை ஒன்பதரைக்கு ஒரு பள்ளி ஆசிரியருக்கு முதல் சிகிச்சை தொடங்க இருந்தது. கழுத்தில் கட்டி. முந்தின நாள் போட்ட திட்டம். நடுப்புள்ளி ஒத்துப்போனது, கையெழுத்தும் போட்டுவிட்டேன். நீ எழுதியதற்காக என்று சொல்ல மாட்டேன், உன்னைத் திட்டுவதற்கு ஆதாரம் வேண்டுமே என்றுதான் விடியற்காலை ஐந்து மணிக்கே வந்து அதை மறுபடி ஓட்டினேன்.

ஒத்துப்போகவில்லை.

நடுவில் எல்லாம் ஒன்றுதான். கழுத்து எலும்புக்கு மேல், ஒரு விரல் அகலத்துக்கு, எண்கள் வேறு. மூன்றாம் தடவை ஓட்டினேன், அது இரண்டாவதோடு ஒத்தது. முதல் தடவை போட்டதில் அந்த ஒரு விரல் அகலத்துக்குள் தண்டுவடமும் வருகிறது, அதற்கு அளவுக்கு மேல் கதிர்வீச்சு. அதைப் பார்த்ததும் சிகிச்சை அறைக்கு இன்டர்காமில் சொல்லி நிறுத்தினேன். அவர் ஏற்கெனவே மேசையில் படுத்திருந்தார், தலை அசையாமலிருக்க முகத்துக்கு வார்த்த பிளாஸ்டிக் வலையை மாட்டியிருந்தார்கள். வலையைக் கழற்றினதும், "என்ன மேடம், லீவா?" என்றார்.

டிக்கெட்டைக் கூப்பிட்டேன். மாற்றிய வரியைப் பழையபடி வைக்கச் சொன்னேன். வைத்த இருபதாவது நிமிஷம் இயந்திரம் நின்றது. அது நின்றதைப் பார்த்து இப்படி நிம்மதி வரும் என்று ஒரு மாதத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் அவரை மனநலப் பிரிவுக்கு அனுப்பியிருப்பேன்.

ஆறாம் தேதியிலிருந்து பதினான்கு பேர். எல்லாத் திட்டத்தையும் மூலையில் கிடந்த பழைய கணினியில் மறுபடி போடுகிறோம். ஒன்றுக்கு ஐந்து மணி நேரம். டிக்கெட் வீட்டுக்குப் போக மறுக்கிறார். அவர் இணையத்தில் தேடியது 'நிற்பதை நிறுத்துவது எப்படி' என்பதாம். "நான் கேட்ட கேள்வியே தப்பு மேடம்" என்றார். அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

நவம்பர் கையெழுத்து என்னுடையதுதான். ஆண்டுத் தணிக்கை நடந்த வாரம். நிர்வாகியின் உதவியாளர் நாற்பது தாள்களைக் கொண்டு வந்து, ஒவ்வொன்றிலும் பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் போடச் சொன்னார். போட்டேன். உன் குறிப்பு அதில் இருந்தது எனக்குத் தெரியாது. படிக்கவில்லை என்பது சாக்கு இல்லை, குற்றம்தான். ஆனால் நீ நினைத்த குற்றம் அது இல்லை.

இப்போது நான் என்ன செய்ய வேண்டும் என்று ஒழுங்காக எழுது.

அண்ணி


மார்ச் 21

அண்ணி,

முதலில் செய்ய வேண்டியது. சர்வரை முழுதாக அணைத்துவிட்டு, கார்டைக் கழற்றி வேறு செருகு பலகையில் போடச் சொல்லுங்கள். பிழை கார்டோடு கூடப் போகிறதா, பழைய இடத்திலேயே தங்குகிறதா என்று பார்த்தால் எது கெட்டது என்று தெரிந்துவிடும். மருந்துக் கிடங்கும் வரவேற்பும் ஒரு மணி நேரம் கத்துவார்கள், கத்தட்டும்.

அடுத்தது, இயந்திரம் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டாம். அந்தக் கணக்கை முழுக்கத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து. பாதி வந்த எண்களில் எது நல்லது என்று யாராலும் சொல்ல முடியாது.

இங்கே நாங்கள் செய்துகொண்டிருப்பதையும் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படும். கோளாறுச் செய்தியை வீட்டுக்காரரோடு நிறுத்தாமல், அப்படியே குடித்தனக்காரர் கைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். உள்ளே இருக்கிற மென்பொருளுக்குக் கார்டைத் தெரியும். அதுவே கார்டை மீட்டமைத்து, எந்தக் கணக்கு கெட்டது என்று குறித்து, உங்கள் திரையில் எழுதிக் காட்டும். மற்ற வேலை நிற்காது. பத்தில் எட்டு தடவை ஒழுங்காக நடக்கிறது. மீதி இரண்டுக்காகத்தான் என் மேலதிகாரி தினமும் என்னை வறுத்தெடுக்கிறார். பத்தும் சரியானதும் உங்களுக்குத்தான் முதலில்.

இன்னொன்று. நவம்பரில் எனக்குத் தெரியும். ஜனவரியில் கிளம்பும்போதும் தெரியும். ஒரு பக்கத்தின் அடியில் ஒரு வரி எழுதிவிட்டு, சொல்லியாயிற்று என்று பஸ் ஏறிவிட்டேன். எழுதி வைப்பது வேறு, சொல்வது வேறு. உங்கள் அறை என் மேசையிலிருந்து பதினெட்டுப் படி.

மற்ற பதின்மூன்று பேர் என்ன ஆனார்கள்?

தம்பி


மார்ச் 31

தம்பி,

கெட்டது கார்டு இல்லை, செருகு பலகை. கார்டின் பாரம் தாங்காமல் ஒரு பக்கம் தொய்ந்து போயிருந்தது. டிக்கெட் அதைக் கையில் வைத்துக் காட்டினார், உள்ளங்கை அகலம்தான் இருக்கும். புதுப் பலகை போட்டு ஆறு நாள் ஆகிறது, ஒரு பிழையும் இல்லை. உன் நிறுத்தும் ஏற்பாடு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பதினான்கு திட்டத்தில் பன்னிரண்டு சரி. ஒன்று ஆசிரியர், அவருக்குப் புதுத் திட்டத்தோடு சிகிச்சை தொடங்கிவிட்டது. அவரிடம் நடந்ததைச் சொன்னேன். "பரீட்சைத் தாளை ரெண்டு தடவை திருத்தறது நல்லதுதான்" என்றார்.

மிச்சம் ஒருவர். ஓட்டுநர் பள்ளி நடத்துகிற பெண்மணி. இடது இடுப்பெலும்பில் நோய் பரவி, வலி குறைவதற்காக ஐந்தே நாள் சிகிச்சை. மார்ச் பத்திலிருந்து பதினான்கு வரை. முடித்துக்கொண்டு போய்விட்டார். அவருடைய திட்டத்தில் எலும்பின் வெளி ஓரத்துக்குப் போக வேண்டியதில் பாதிகூடப் போகவில்லை. அதிகமாகப் போய் எதுவும் கெடவில்லை, ஆனால் வலி எங்கே இருந்ததோ அந்த இடத்துக்குக் கதிர்வீச்சு போகவில்லை. மறுபடி கொடுக்கலாம், கூட்டி வாருங்கள் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார்.

நிர்வாகிக்கு அதில் சம்மதமில்லை. "அந்தம்மாதான் ஒண்ணும் கேக்கலையே, நாமளா போய் எதுக்குச் சொல்லணும்?" என்றார். பிறகு ஒரு தாளை நீட்டினார். முன்னாள் ஊழியர் செய்த தவறான அமைப்பே எல்லாவற்றுக்கும் காரணம் என்று தட்டச்சு, என் பெயருக்கு மேல் பென்சில் புள்ளி. நான் கையெழுத்துப் போடவில்லை. வேறு தாள் எடுத்து என் கையாலேயே எழுதினேன். நீ தெரிந்தும் நேரில் சொல்லாமல் போனது, நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டது, அவர் குறிப்பைத் திருப்பி அனுப்பியது, நிற்கக்கூடாது என்று உத்தரவு போட்டது, எல்லாம் தேதியோடு. படித்துவிட்டு அவர், "இது உங்க குடும்பத்துக்கே நல்லதில்லையே" என்றார். "அதனாலதான் எழுதியிருக்கேன்" என்றேன். மூவர் குழு விசாரிக்கப் போகிறது. எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தாயிற்று. உனக்கும் வரும்.

ஓட்டுநர் பள்ளிப் பெண்மணியின் கோப்பில் இருக்கிற போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. பதிவுத் தபால் அனுப்பினேன், பதில் இல்லை. வரும்போது துணைக்கு யாரும் வந்ததில்லை. முகவரியைப் பார்த்தேன். நீ இருக்கும் இடத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். எனக்கு இங்கே ஒரு நாள்கூட நகர முடியாது.

நீ போய்ச் சொல்வாயா? பெரிய டாக்டரின் கடிதத்தை இதோடு இணைத்திருக்கிறேன். தைரியம் இல்லையென்றால் இப்போதே சொல்லிவிடு, வேறு ஏற்பாடு பார்க்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 1

அண்ணி,

போகிறேன். சனிக்கிழமை விடுமுறை. தைரியம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், பஸ் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

தம்பி


ஏப்ரல் 5

அண்ணிக்கு,

ஓட்டுநர் பள்ளியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இரண்டு கடைகளுக்கு நடுவில் ஒற்றை அறை. சுவர் முழுக்கச் சாலைக் குறியீடுகள். ஒரு மேசையில் ஸ்டியரிங்கை மட்டும் திருகி வைத்திருக்கிறார்கள், புதிதாகக் கற்க வருகிறவர்கள் அதைப் பிடித்துத் திருப்பிப் பழக.

அந்த அம்மாவுக்கு ஐம்பது இருக்கும். இரண்டு தலையணை வைத்து, இடது பக்கம் படாமல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் வரும்போது சொல்ல வேண்டியதை நான்கு தடவை மனப்பாடம் செய்திருந்தேன். சர்வரில் ஆரம்பித்து வரிசையாக. மருத்துவமனையிலிருந்து வருகிறேன் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"டாக்டரா?"

"இல்லைங்க, கம்ப்யூட்டர் ஆள்."

"கம்ப்யூட்டர் ஆளை எதுக்கு அனுப்பியிருக்காங்க?"

"தப்பு என் பக்கத்துலதான் ஆரம்பிச்சது. அதான் நானே வந்தேன்."

மனப்பாடம் செய்தது எல்லாம் மறந்துவிட்டது. இயந்திரத்தில் ஒரு பலகை கெட்டிருந்தது, அது எனக்கு நவம்பரிலேயே தெரியும், உங்களுக்குப் போட்ட கணக்கு அதனால் ஓரத்தில் தப்பாகிவிட்டது, வலி இருந்த இடத்துக்குப் போக வேண்டியது போகவில்லை என்று சொன்னேன். அவ்வளவுதான், இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. டாக்டரின் கடிதத்தை நீட்டினேன். வாங்கினார், பிரிக்கவில்லை. மேசையில் இருந்த ஒரு விண்ணப்பத்தில் யாரோ தேதியைத் தப்பாக எழுதியிருந்ததை அடித்துத் திருத்தினார். பேனாவை மூடினார்.

"ரெண்டு வாரத்துல வலி குறைஞ்சிடும்னு சொன்னாங்க. அங்க வந்தவங்க எல்லாருக்கும் குறைஞ்சுது. எனக்கு மட்டும் குறையல. சரி, நமக்குத்தான் பொறுத்துக்கத் தெரியல போலன்னு யார்கிட்டயும் சொல்லாம இருந்துட்டேன்" என்றார். பிறகு, "மூணு வாரமா நான் என் மேலயே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்திருக்கேன், தம்பி" என்றார்.

எத்தனை பிழை, எத்தனை நாள், எத்தனை விரல் அகலம் என்று எல்லாவற்றையும் எண்ணி வைத்திருந்தேன். இதை எங்கேயும் எண்ணவில்லை.

அதற்குப் பிறகு திட்டினார். என்னை, உங்களை, நிர்வாகியை, பெயர் தெரியாமலே டிக்கெட்டை. போன் நம்பர் மாறியதை வரவேற்பில் இரண்டு தடவை சொன்னாராம், யாரும் குறித்துக்கொள்ளவில்லையாம். பதிவுத் தபாலுக்கு வந்த சீட்டை பில் என்று நினைத்துக் கிழித்துப் போட்டாராம். நடுவில் ஒரு பெண் பயிற்சிக்கு வந்தாள், அவளை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டுத் திட்டைத் தொடர்ந்தார். நான் எழுந்திருக்கவில்லை. முழுவதும் கேட்டேன். நியாயமாக இல்லாத ஒரு வார்த்தைகூட அதில் இல்லை.

கடைசியில் கடிதத்தைப் பிரித்துப் படித்தார். திங்கட்கிழமை வரச் சொல்லியிருப்பதைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் ஆறு மணி நேரம் உட்கார முடியாது என்றார். கார் ஏற்பாடு செய்கிறேன் என்றேன். தன்னிடமே இருக்கிறது, இடது காலால் கிளட்ச் மிதிக்கத்தான் முடியவில்லை என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"லைசென்ஸ் இருக்கா?"

"இருக்குங்க."

"ஓட்டத் தெரியுமா?"

"அது வேற விஷயம்."

முதல் தடவையாகச் சிரித்தார்.

மதியம் தெருவில் இரண்டு சுற்று ஓட்டிக் காட்டினேன். லைசென்ஸ் கொடுத்த அதிகாரி யார் என்று கேட்டார், பெயர் தெரிந்தால் அவர் மேல் புகார் எழுதுவாராம். வண்டியில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கிறது. அதற்கு வலது கால் போதும், அது நன்றாகத்தான் இருக்கிறது என்றார். இரண்டு சுற்றில் ஏழு தடவை மிதித்தார்.

நாளை காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறோம், பள்ளியின் வண்டியில், கூரை மேல் பெயர்ப்பலகையோடு. நம் வீட்டு முன் அறையில் அவருக்குக் கட்டில் போட்டு, தலையணை மூன்று வையுங்கள். எனக்குத் தரையில் ஒரு பாய் போதும். விசாரணைக் குழுவையும் திங்கட்கிழமையே பார்த்துவிடுகிறேன், நவம்பர் பதிவேடு முழுக்க என் பையில் இருக்கிறது.

மாலைக்குள் வந்துவிடுவோம் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் வேகம் நாற்பதுக்கு மேல் ஒரு புள்ளி ஏறினாலும் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி என்னை இறக்கிவிடுவாராம். அண்ணனைச் சாப்பிடச் சொல்லுங்கள், காத்திருக்க வேண்டாம்.

தம்பி